வெள்ளிக்கிழமையே கிளம்பியவர்கள்

எங்கள் ஆபீஸ் பீரோவின் இடது கதவு வளைந்திருக்கும். டிக்கெட்டிங் வேலைக்குப் புதிதாகச் சேருகிற பிள்ளைகள் முதல் வாரத்திலேயே அதைப் பற்றிக் கேட்டுவிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். இந்த நாற்காலியில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவள் சொல்வதில் ஏதாவது உபயோகம் இருக்கும் என்று நம்பிப் படியுங்கள்.

1. பாயிண்ட் கஸ்டமர்

ஓனர் நசீர் பாயை உங்களுக்குத் தெரியும். ஆம்பூர்க்காரர். பெங்களூர் பிரேசர் டவுனில் இந்த டிராவல் ஏஜென்சியை அவர் அப்பா தொடங்கினார். பீரோவும் அவர் அப்பா வாங்கியதுதான்.

பொங்கல் முடிந்த கையோடு ஒருநாள் சிவகுமார் என்பவர் வந்தார். ஹெப்பகோடி பக்கம் ஒரு மெஷின் கம்பெனியில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். கூடவே அவர் மனைவி தேன்மொழி, அங்கேயே ஒரு ஸ்கூலில் சமூக அறிவியல் டீச்சர். மே லீவில் இருவரும் கிரீஸ் போக வேண்டும், டிக்கெட்டை கிரெடிட் கார்டு பாயிண்டில் எடுக்க வேண்டும் என்றார்.

மனிதர் பாயிண்ட் சேர்த்த விதமே ஒரு கதை. மச்சினன் கல்யாணப் பட்டு, அண்ணன் மகனின் காலேஜ் ஃபீஸ், பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் என்று யார் எதை வாங்கினாலும் இவர் கார்டைத் தேய்ப்பார். அவர்களிடம் ரொக்கமாக வாங்கிக்கொள்வார். சொந்தக்காரர்கள் கடைக்குப் போகும்போது பர்ஸை மறந்தாலும் இவரை மறக்க மாட்டார்களாம். தேன்மொழி சொல்லிச் சிரித்தார்.

இங்கே தொழில் விஷயம் ஒன்று. பாயிண்டை பேங்கிலிருந்து ஏர்லைனுக்கு மாற்றினால் திரும்ப வராது. ஒரு ஃபிளைட்டில் பாயிண்டுக்கு என்று விடும் அவார்டு சீட்டும் ஒன்றிரண்டுதான் இருக்கும். ஆகவே சீட்டைக் கண்ணால் பார்க்காமல் பாயிண்டை மாற்றச் சொல்லாதீர்கள். வரியும் சர்சார்ஜும் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். கஸ்டமரிடம் இலவசம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பின்னால் சண்டை வரும்.

தங்குவதற்கு ஏதென்ஸில் சமையலறையோடு ஒரு சின்ன ரூம், இரண்டு நாள் ஃபெர்ரி பிடித்துப் பக்கத்துத் தீவு என்று பட்ஜெட்டில் ஒரு பிளான் போட்டுக் கொடுத்தேன். புளிக்காய்ச்சல் எடுத்துப்போகலாமா என்று சிவகுமார் கேட்டார். தேன்மொழி கேட்டது வேறு.

"மே மாசம் அங்க மழை இருக்காதுல்ல மேடம்?"

குடையைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்று நினைத்து, பெரும்பாலும் இருக்காது என்றேன். அவர் தலையாட்டிவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"பதினெட்டு வருஷமா பிள்ளைங்களுக்கு மத்திய தரைக்கடல் காலநிலை நடத்துறேன். கோடையில காயும், குளிர்காலத்துல மழை பெய்யும், ஆலிவ் விளையும், திராட்சை விளையும்னு. போன வருஷம் ஒரு பொண்ணு எழுந்து, நீங்க போய்ப் பாத்திருக்கீங்களா மிஸ்னு கேட்டா. கிண்டல் இல்ல, நெஜமாவே கேட்டா. புக்ல இருக்குன்னு சொல்லிட்டேன். அன்னைக்கு வீட்டுக்கு வந்து சாப்பாடே எறங்கல."

அவர்கள் போன பிறகு பாய் என் டேபிளுக்கு வந்தார். "என்னா உஷா, பாயிண்ட்ல போறவங்களுக்கே நீ இவ்ளோ டைம் குடுத்தா, காசு குடுத்துப் போறவங்களை யாரு பாக்குறது?"

நியாயமான கேள்விதான். சர்வீஸ் சார்ஜைத் தவிர இதில் நமக்கு ஒன்றும் கிடையாது. இருந்தாலும் அந்த டீச்சர் சொன்னது மனதில் உட்கார்ந்துவிட்டது. காலையில் முதல் காபியோடு அவார்டு சீட் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டேன்.

2. அஷ்டமி

கடைசியில் மே மாதம் ஒரு திங்கட்கிழமைக்கு இரண்டு சீட் கண்ணில் பட்டது. காலை ஃபிளைட், கல்ஃப் வழியாக ஏதென்ஸ். ரிட்டர்னும் இருந்தது. உடனே போன் போட்டேன். சிவகுமார் கம்பெனியில் மெஷின்களுக்கு நடுவே நின்றபடியே பாயிண்டை மாற்றினார். அன்றே டிக்கெட் போட்டுவிட்டோம்.

மறுநாள் பேயறைந்த முகத்தோடு வந்து நின்றார். அந்தத் திங்கட்கிழமை அஷ்டமி. கார்டு ஸ்டேட்மென்டை வரிவரியாகப் பார்க்கிற மனிதர் காலண்டரைப் பார்க்க மறந்துவிட்டார்.

வேறு தேதி தேடினேன், லீவு முடிகிறவரை ஒரு சீட்டும் இல்லை. கேன்சல் செய்தால் பாயிண்ட் ஏர்லைனிலேயே கிடக்கும். அடுத்த வருஷத்துக்குள் அவர்கள் ரேட்டை ஏற்றிவிட்டால் அதே பாயிண்டில் ஒரு ஆள்கூடப் போக முடியாது. இதெல்லாம் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இன்ஜினியர் சாருக்கு அஷ்டமியா என்று கேலி செய்ய வாய் வரை வந்தது. நல்லவேளை, அதற்குள் அவரே பேசிவிட்டார்.

"எங்கப்பா அஷ்டமி அன்னைக்குதான் வீட்டை விட்டுக் கிளம்பினாரு மேடம். திரும்பி வரல. நான் எதையும் நம்புற ஆளு இல்ல. இதை மட்டும் என்னால தாண்ட முடியல."

எங்கள் துபாய் கஸ்டமர்கள் சிலர் பரஸ்தானம் வைப்பார்கள். அந்த நினைவு வந்தது. நல்ல நேரத்தில் பயணச் சாமான் ஏதாவது ஒன்றை மூட்டை கட்டி, போகிற வழியில் வேறொரு இடத்தில் வைத்துவிட வேண்டும். அப்போதே கிளம்பிவிட்டதாக அர்த்தம். அதன் பிறகு எந்த நாளில் போனாலும் தோஷமில்லை. அவர் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஊருக்குத் தெற்கே ஓசூர் ரோடு பக்கம் இருந்தார்கள். ஏர்போர்ட்டோ ஊருக்கு வடக்கே. வழியில் இருப்பது எங்கள் ஆபீஸ்தான். இங்கேயே வையுங்கள், திங்கட்கிழமை விடியற்காலையில் நானே வந்து ஷட்டர் திறக்கிறேன் என்றேன். என் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அவர் முகத்தில் உயிர் வந்தது.

3. மஞ்சள் பை

விசா ஸ்டிக்கரோடு பாஸ்போர்ட்கள் அவர்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தன. பயணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ராகு காலத்துக்கு முன்பே சிவகுமார் வந்து, வாய் கட்டிய ஒரு மஞ்சள் பையை வைத்துவிட்டுப் போனார். தாம்பூலப் பைதான். உள்ளே அரிசி, மஞ்சள், ஒரு துண்டு என்று நானே நினைத்துக்கொண்டு ஃபைல் ராக்கில் வைத்தேன். என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை இருட்டு விலகும்போது கேப் வந்து நின்றது. ஷட்டரைத் திறந்து பார்த்தால் ராக்கில் பை இல்லை. சனிக்கிழமை மாலை பாய் பீரோவைப் பூட்டியது நினைவுக்கு வந்தது, பையும் அதற்குள்தான் போயிருக்க வேண்டும். சாவி எப்போதும் அவர் பாக்கெட்டில்தான் இருக்கும். அவரோ ஞாயிற்றுக்கிழமையே ஒரு கல்யாணத்துக்கு ஆம்பூர் போய்விட்டார்.

பை இங்கேதான் பத்திரமாக இருக்கும், நீங்கள் கிளம்புங்கள் என்றேன். சிவகுமார் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"பாஸ்போர்ட் அதுலதான் இருக்கு மேடம்."

தேன்மொழி அவரைத் திரும்பிப் பார்த்தார். ஹேண்ட்பேகில் இருக்கிறது என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"துணியை அனுப்பி என்ன புண்ணியம்? பாஸ்போர்ட் போனாத்தானே நாம போறதா அர்த்தம்?" என்றார் சிவகுமார். அவர் லாஜிக்கில் தப்பு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை.

பாய்க்குப் போன் அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். வேலை போனாலும் போகட்டும் என்று வீரமாக நின்றேன் என எழுத ஆசைதான். உண்மையில் அதே நம்பரைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன். அவர் அப்பா காலத்துப் பீரோ, உள்ளே மற்ற கஸ்டமர்களின் ஃபைல்கள். ஃபிளைட்டைத் தவறவிட்டால் நோ-ஷோ, அதாவது வராத பயணி என்று எழுதிவிடுவார்கள். வருஷக்கணக்காகச் சேர்த்த பாயிண்ட் அதோடு போச்சு.

தேன்மொழி புருஷனை ஒரு வார்த்தை திட்டவில்லை. சுவரில் இருந்த உலக மேப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கண் எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. உடைத்துவிடுங்கள் சார், பாயிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன்.

கேப் டிரைவர் டிக்கியிலிருந்து லீவரும் ஸ்க்ரூ டிரைவரும் எடுத்து வந்தார். சிவகுமார் லீவரைக் கையில் வாங்கிவிட்டு அப்படியே நின்றார். கிளம்புகிற நேரத்தில் பூட்டை உடைப்பது நல்ல சகுனமா என்று முனகினார். அதுவும் அஷ்டமியில்.

அப்போதுதான் தேன்மொழி வாயைத் திறந்தார். "நாம வெள்ளிக்கிழமையே கிளம்பிட்டோங்க. இது வழியில நடக்குறது. உடைங்க."

 சிவகுமார் லீவரைக் கதவிடுக்கில் கொடுத்து நெம்பினார். ஒரு மெஷின் ஆளிடம் அந்தப் பழைய பூட்டு எவ்வளவு நேரம் தாங்கும்? பையை அவிழ்த்தபோது பாஸ்போர்ட்கள் மேல் மஞ்சள் அரிசி ஒட்டியிருந்தது. தேன்மொழி அதை முந்தானையால் துடைத்து, இந்த முறை தன் ஹேண்ட்பேகில் வைத்துக்கொண்டார். போர்டிங் ஆகிவிட்டது என்று மெசேஜ் வரும்வரை நான் வீட்டுக்குப் போகவில்லை.

மறுநாள் பாய் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைத் தடவிப் பார்த்தார். "சாமி சாமான் மாதிரி இருந்துச்சு உஷா. கீழ விழுந்து யார் காலாச்சும் படப்போவுதுன்னுதான் உள்ள வெச்சேன்" என்றார். அந்த டிக்கெட்டின் சர்வீஸ் சார்ஜ் கதவு ரிப்பேருக்கே பத்தாது என்று ஒரு வாரம் புலம்பினார். பூட்டை மட்டும் மாற்றினார், கதவை இன்றுவரை நேராக்கவில்லை.

4. ஜூன்

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. கஸ்டமர் எதைக் கொடுத்தாலும் உள்ளே என்ன என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், பாஸ்போர்ட்டாக இருந்தால் கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, எங்கே போகிறீர்கள் என்பதோடு எதற்குப் போகிறீர்கள் என்றும் கேளுங்கள். எனக்கு அது தெரிந்திருந்ததால்தான் அன்றைக்குப் பீரோவை உடைக்கச் சொல்ல முடிந்தது.

ஸ்கூல் திறந்த பிறகு ஒரு சனிக்கிழமை தேன்மொழி வந்தார். பாய்க்கு ஒரு பாட்டில் ஆலிவ் எண்ணெய், எனக்கு மலைச்சரிவில் அவரே பறித்துக் காயவைத்த ஏதோ ஒரு வாசனை இலை. மழை பெய்ததா என்று கேட்டேன். ஒரு சொட்டுக்கூட இல்லை, மண் அப்படியே காய்ந்து கிடந்தது என்றார். அந்தக் காய்ந்த மண்ணைப் பற்றி அவ்வளவு சந்தோஷமாக யாரும் பேசி நான் கேட்டதில்லை.

"அந்தப் பாடம் நவம்பர்லதான் வரும் மேடம். இந்த வருஷம் முதல் நாளே எடுத்துட்டேன்."

போய்ப் பார்த்தீர்களா என்று இந்த முறையும் யாராவது கேட்டார்களா என்றேன்.

"யாரும் கேக்கல. நானே சொல்லிட்டேன்."