நயினாதீவுக் கல்லில் எழுதாதது

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். யாராவது சற்று நேரம் சும்மா நின்றால் போதும், சரித்திரத்திலிருந்து ஒரு புதினச் செய்தியை எடுத்து நீட்டிவிடுவேன். ஊர்காவற்றுறையில் சரித்திரம் படிப்பிக்கிறவள் நான். வகுப்பு முடிந்த பிறகு என்னிடம் வசமாக மாட்டிக்கொள்பவன், கடற்றொழில் செய்யும் என் தம்பி.

அவனுக்குப் பிடித்தது நயினாதீவுக் கல்வெட்டு. அம்மன் கோயிலுக்குப் போகிற சனம் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. சிங்கள அரசன் ஒருவன் தமிழில் வெட்டுவித்த சட்டம் அது. யானையோ குதிரையோ ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கென்றால் பாதிக்குப் பாதி. அரசனுக்கு யானை குதிரைமேல் அவ்வளவு ஆசை; ஏற்றிவருபவர் பயமில்லாமல் வரட்டுமென்று தன் பங்கைக் குறைத்துக்கொண்டான். இதைக் கேட்டதிலிருந்து, இனி இறாலை விட்டுவிட்டு யானைதான் பிடிக்கப்போகிறேன் என்று தம்பி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

போன மார்கழியில் வாடைக்காற்று கிளம்பிய ஒரு விடியலில் அவன் தனியே கடலுக்குப் போனான். கூடப் போகிறவருக்குக் காய்ச்சல். மத்தியானமாகியும் திரும்பவில்லை. தேடப் போன படகுகள் வெறுமையாகத் திரும்பின. மறுநாளும் அப்படித்தான்.

துறைமுகத்தில் அவன் மனைவிக்குப் பக்கத்தில் இருந்து நான் ஓயாமல் கதைத்தேன். காற்று இழுத்துப்போய் இந்தியக் கரையில் ஒதுங்கி, மாதங்கள் கழித்து வீடு வந்தவர்களைப் பற்றிச் சொன்னேன். இதே துறையில் போர்த்துக்கேயர் யானை ஏற்றியதைச் சொன்னேன். யானைகூடக் கடலில் நெடுந்தூரம் நீந்துமாம் என்றேன். எவ்வளவு மடத்தனமான பேச்சு என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. நான் பேச்சை நிறுத்தினால் அவன் போய்விடுவான் என்று பைத்தியம் மாதிரி நம்பினேன்.

பிறகு அவனுடைய படகு மட்டும் வந்தது. நெடுந்தீவுப் பக்கம் மிதந்துகொண்டிருந்ததை அந்த ஊர்க்காரர் ஒருவர் கட்டி இழுத்துவந்தார். எஞ்சின் இருந்தது. வலை இருந்தது. அவனுடைய சோற்றுப் பெட்டி திறக்கப்படாமல் கிடந்தது.

"ஒண்டும் குறையேல்லை அக்கா, கிடந்தபடியே கொண்டந்தனான்," என்றார் அவர் தலையைக் குனிந்தபடி.

படகாவது மிஞ்சியதே என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அந்த வாயைக் கிழிக்க வேண்டும் போல இருந்தது எனக்கு.

தம்பி மனைவி படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மச்சாள், கப்பல் உடைஞ்சா ஆருக்கு எவ்வளவெண்டு அந்தக் கல்லிலை கிடக்கெண்டு இவர் சொல்லுவார். கப்பலிலை வந்த ஆக்களைப் பற்றி என்ன கிடக்கு?"

எனக்கு வரி வரியாகத் தெரிந்த கல். தேய்ந்துபோன இடத்தில் இருந்திருக்கும் என்றொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை.

"ஒண்டும் இல்லை," என்றேன்.

அதன்பிறகு எனக்குச் சொல்ல எதுவும் வரவில்லை. படகு இப்போது அவர்கள் வீட்டு வேலியோரம் கவிழ்ந்து கிடக்கிறது. முழுப்பங்கும் எங்களுக்கே வந்து சேர்ந்துவிட்டது. தம்பி இன்னும் வரவில்லை.