தட்டில் ஒரு கோணல் கோடு

என் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் மூன்றோடு நிறுத்திக்கொள்வேன். உழைப்பாளி, சமைக்கத் தெரியும், பொய் சொல்லமாட்டாள். அதிலும் கடைசி வார்த்தையைப் பின்னால் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டிவந்தது.

புருஷன் வீடு சரிப்படாமல் நான் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்றைக்கே, "உக்காந்து சாப்பிட இது சத்திரம் இல்ல" என்றாள். மறுநாளே, தான் வேலை பார்க்கும் குழந்தைகள் மையத்தில் என்னை உதவியாளாகச் சேர்த்துவிட்டாள். எடை போடும் தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பின்னால் நடப்பதுதான் என் வேலை. நாத்தனார் கொடுமை என்று உலகமே பேசுகிறது. எங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழ்.

ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளைப் பிடித்துத் தராசில் தொங்கவிடுவாள். பிறகு மேல்கையில் ஒரு நாடாவைச் சுற்றுவாள். பச்சை வந்தால் பிள்ளை தேறிவிட்டது, மஞ்சள் வந்தால் கவனிக்க வேண்டும், சிவப்பு வந்தால் ஆபத்து. சிவப்புப் பிள்ளைக்கு மையத்திலிருந்து தினம் ஒரு பாக்கெட் நிலக்கடலைப் பசை உண்டு. மருந்து மாதிரி அதை அந்தப் பிள்ளைதான் சாப்பிட வேண்டும்.

ஊரில் அவளுக்குத் 'தராசு' என்றுதான் பெயர். எந்தத் தாய்க்கு, உன் பிள்ளை எலும்பும் தோலுமாக இருக்கிறது என்று நடுத்தெருவில் ஒருத்தி சொன்னால் பிடிக்கும்? அதையும் அண்ணி மெதுவாகச் சொல்லமாட்டாள். பிள்ளையின் கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டித்தான் சொல்வாள். எங்களைக் கண்டதும் கதவுகள் சாத்திக்கொள்ளும். எனக்கு அவமானமாக இருக்கும். அவளுக்கு ஒன்றும் இருக்காது.

அந்த வருஷம் அவள் வசமாக மாட்டிக்கொண்டது செங்கல் சூளைக்காரியிடம். சூளைக்குப் பின்னால் வரிசையாகத் தகரம் போட்ட ஒற்றை அறைகள். பூசாத சுவர், பாய் பானை எல்லாவற்றின் மேலும் சிவப்புத் தூசி. அதில் ஓர் அறையில் அவள் இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். புருஷன் வேலை தேடிப் போனவன், போனவன்தான். சின்னவன் தவழ வேண்டிய வயதில் படுத்தே கிடந்தான். நாடா சிவப்பில் நின்றது. மூத்தவள் ஒரு பெண், சரியான வாயாடி. ஐந்து வயது தாண்டி முன்பல்லும் விழுந்துவிட்டதால் எங்கள் கணக்கில் அவள் கிடையாது.

சின்னவனுக்கு பாக்கெட் கொடுக்க ஆரம்பித்தோம். சூளைக்காரி காலி உறைகளை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தாள். ஆனால் தராசின் முள் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அடுத்த வாரமும் அப்படியே. "நீயே தின்னுடறியா?" என்று அண்ணி கேட்டாள். சூளைக்காரி தரையில் காறித் துப்பினாள்.

உண்மையைச் சொன்னது வாயாடிதான். அதையும் பெருமையாகச் சொன்னாள்.

"தம்பிக்குப் பாதி, எனக்குப் பாதி. அம்மா தட்டுல பிதுக்கி, நடுவுல விரலால கோடு போடுவாங்க. கோடு கோணலா இருந்தா நான் விடமாட்டேன்."

அண்ணி சாமி வந்தவள் மாதிரி ஆடினாள். "ஏம்மா, உனக்கு மூளை இருக்கா? இது சாகக் கிடக்கிற பிள்ளைக்குக் கொடுத்தது!"

"ரெண்டும் என் வயித்துல பொறந்ததுதான்," என்றாள் சூளைக்காரி. "ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு வைக்க எனக்குத் தெரியாது. நீ பெத்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

பிள்ளையில்லாத என் அண்ணியிடம் அந்த வார்த்தையைச் சொல்ல ஊரில் யாருக்கும் தைரியம் வந்ததில்லை. எனக்கேகூட வந்ததில்லை, நாக்கு நுனிவரை வந்திருக்கிறது. அண்ணி நாடாவைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, நான் கேட்டேயிராத ஒன்றைச் சொன்னாள்.

"எங்க அம்மாவும் சமமாத்தான் போட்டாங்க. சமமாப் பங்கு வெச்சு வெச்சே என் தம்பியைப் புதைச்சோம். நாளையிலேர்ந்து நானே வந்து ஊட்டறேன்."

சொன்னபடியே வந்தாள். சூளைக்காரி வேலைக்குக் கிளம்புகிற காலை நேரத்தில் போய், வாயாடியைக் கையைப் பிடித்து வெளியே தள்ளி, கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, சின்னவனை மடியில் போட்டு ஊட்டினாள். கதவு அதிரும். "தராசு! திருடி! என் பங்கைக் குடு!" என்று அந்தப் பெண் உதைப்பாள். ஒரு நாள் செங்கல் துண்டை எறிந்து தராசின் கண்ணாடியை உடைத்தாள். அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் வெட்கம் கெட்டவள் மாதிரி சுவரோரமாக நின்றிருப்பேன். ஒரு குழந்தையின் வாயில் வைக்க இன்னொரு குழந்தையைத் தெருவில் நிறுத்துகிற வேலை எனக்குப் பிடிக்கவில்லை, அதற்காக அவளை மனதாரத் திட்டினேன்.

சின்னவன் தேறினான். முள் நகர்ந்தது. நாடா சிவப்பிலிருந்து மஞ்சளுக்கும், பிறகு பச்சைக்கும் வந்தது. சுவரைப் பிடித்து எழுந்து நின்று, அண்ணியின் மூக்கைப் பிடித்து இழுத்தான். அவள் சிரித்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பல்லை நான் பார்த்தது அப்போதுதான்.

அந்த வாரத்தில்தான் கதவு உதைபடுவது நின்றது. "அடங்கிட்டா," என்றாள் அண்ணி. நான் கதவைத் திறந்து பார்த்தேன். வாயாடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஈ உட்கார்ந்தும் கையைத் தூக்கவில்லை. அண்ணி வெளியே வந்து, நாடாவை எடுத்து அவள் கையில் சுற்றினாள். சிவப்பு. உதைக்கவும் கத்தவும் அவளுக்குத் தெம்பு கொடுத்தது முன்னால் தின்ற அந்தப் பாதிப் பங்குதான், அது நின்றதும் அவளும் விழுந்துவிட்டாள்.

வாசலில் நின்ற சூளைக்காரி நாடாவைப் பார்த்தாள். "இப்ப யாரை வெளிய தள்ளிக் கதவைச் சாத்தப்போற? சொல்லு."

ஐந்து வயது தாண்டிய பிள்ளைக்கு பாக்கெட் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள் அண்ணி. பஸ் ஏறிப் போய்ப் படுத்தால் சூளையில் வேறு ஆள் வந்துவிடும், திரும்பிவர அறையும் இருக்காது என்றாள் சூளைக்காரி. அதுவும் உண்மைதான். புதிதாக ஒரு பிள்ளைக்கு பாக்கெட் வேண்டுமென்றால் சூப்பர்வைசர் நேரில் பார்க்க வேண்டும். அவர் அந்த வாரமே ஜீப்பில் வருவதாக இருந்தது.

அவர் வருகிற அன்று காலை அண்ணி வாயாடியின் முன் குந்தி உட்கார்ந்தாள்.

"யார் என்ன கேட்டாலும் வாயைத் தொறக்கக் கூடாது. தொறந்தே, ஊசி நூல் கொண்டுவந்து தைச்சிடுவேன்."

வயதைக் குறைத்துச் சொன்னால், உயரத்தைப் பார்த்து யாரும் சந்தேகப்படமாட்டார்கள். அந்த அளவுக்கு அவளை வளரவிடாமல் வைத்திருந்தது பட்டினி. காட்டிக்கொடுப்பதென்றால் விழுந்த பல்தான் காட்டிக்கொடுக்கும்.

சூப்பர்வைசர் வந்தார். நாடாவைத் தானே சுற்றிப் பார்த்து, "அடப்பாவமே," என்றார். "வயசு?"

"நாலு முடியலைங்க மேடம்," என்றாள் என் அண்ணி, கண் இமைக்காமல்.

"உன் பேர் என்னம்மா?"

வாயாடி உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். சூப்பர்வைசர் நல்ல மனசுக்காரர். கைப்பையைத் துழாவி ஒரு பிஸ்கட்டை எடுத்து அவள் கையில் வைத்தார். "சாப்பிடு, கண்ணு. என் எதிரிலேயே சாப்பிடு." வாயைத் திறந்தால் ஓட்டைப் பல் தெரிந்துவிடும். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத பிள்ளை. பிஸ்கட்டையே பார்த்தாள், தொண்டை ஏறி இறங்கியது, கண்ணில் நீர் கட்டியது. ஆனால் விரல்களை மடக்கி அதைக் கைக்குள் மூடிக்கொண்டாள். வாய் திறக்கவேயில்லை.

"பேசமாட்டாளா?"

"பேச்சே வராதுங்க, கூச்சம்," என்றாள் சூளைக்காரி. என் அண்ணியும் அவளும் ஒரே பக்கம் நின்றது அந்த ஒரு நிமிஷம்தான்.

சூப்பர்வைசர் சம்மதித்தார். சின்னவன் பச்சைக்கு வந்துவிட்டதால் அவனுடையதை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனார். ஜீப் மறைந்ததும் வாயாடி பிஸ்கட் தூளை வாயில் கொட்டிக்கொண்டாள். "தராசு, உனக்குக் கிடையாது," என்றாள் மென்றுகொண்டே.

மறுநாள் காலை அண்ணி பாக்கெட்டோடு போனாள். இந்த முறை வெளியே போனவன் சின்னவன். நான்தான் அவனைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் விட்டேன். தாழ் விழுந்ததும் அவன் உள்ளங்கையால் கதவைத் தட்ட ஆரம்பித்தான். அண்ணி பசையை எடுத்து வாயாடியின் வாய்க்கு நேராக நீட்டினாள். வாய் மூடியிருந்தது.

"தொற."

மூடியேயிருந்தது. கண் மட்டும் கதவைப் பார்த்தது. அண்ணி கன்னத்தைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள், மிரட்டினாள், கெஞ்சக்கூடச் செய்தாள். என் அண்ணி கெஞ்சினாள்! வேலைக்குக் கிளம்பாமல் சுவரோரம் நின்ற சூளைக்காரி, "நேத்து மூடக் கத்துக்கொடுத்தியே, இன்னைக்குத் தொறக்க வை பார்ப்போம்," என்றாள்.

வெளியே அவன் தட்டிக்கொண்டே இருந்தான். அண்ணி எழுந்து போய்த் தாழை நீக்கினாள். அவன் தவழ்ந்து வந்து அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டான். அண்ணி தட்டை இழுத்து பாக்கெட்டை முழுக்கப் பிதுக்கினாள். பிறகு விரலை வைத்து ஒரு கோடு போட்டாள், நடுவில் இல்லை, ஓரத்தில். ஓரத்தில் பிரிந்த சின்னத் துணுக்கை அவன் பக்கம் தள்ளினாள். மற்றதெல்லாம் வாயாடிக்கு.

வாயாடி குனிந்து கோட்டைப் பார்த்தாள். ஓட்டைப் பல் தெரிய வாயைத் திறந்தாள்.

"கோடு கோணல்."

"கோணல்தான்," என்றாள் அண்ணி. "தின்னு."