வழவழவென்று ஒரு சேசிஸ்

கல்லூரியில் மூன்றாம் வருடம் நாங்கள் பதினைந்து பேர் சேர்ந்து, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்காக ஒரு பந்தயக் கார் கட்டினோம். கள்ளக்குறிச்சியில் பந்தயக் காரா என்று சிரிக்காதவர்கள் கம்மி. அதில் என் வேலை, இரும்புக்கு என்ன பூச்சு பூசுவது என்று முடிவு செய்வது. வேறு யாரும் கேட்டு வாங்காத வேலை. நான் கேட்டு வாங்கினேன். இரண்டு மாதம் அதையே படித்தேன், அதையே பேசினேன், விடுதியில் என்னைக் கண்டாலே ஓடினார்கள்.

காரின் சேசிஸ், அதாவது எலும்புக்கூடு, முழுக்க இரும்புக் குழாய். அதை வெல்டிங் செய்தவன் கல்வராயன் மலையிலிருந்து வந்த என் வகுப்புத் தோழன். டிப்ளமோ முடித்துவிட்டு நேராக இரண்டாம் வருடத்தில் சேர்ந்தவன். அவன் வைத்த வெல்டிங் மீன் செதில் அடுக்கியதுபோல் இருக்கும். கார் போட்டிச் சோதனையில் தேறிவிட்டால், ஓசூரில் தன் நண்பர் நடத்தும் தொழிற்சாலையில் வேலைக்கு அவனுக்குச் சிபாரிசுக் கடிதம் தருவதாக எங்கள் குழுவின் பேராசிரியர் சொல்லியிருந்தார். நாங்கள் கோப்பைக்காக வேலை செய்தோம். அவன் அந்தக் கடிதத்துக்காக.

குரோம் முலாம் கூடாது என்றேன். கடினமான எஃகைச் சில சமயம் அது நொறுங்க வைத்துவிடும். பவுடரைத் தூவி அடுப்பில் சுடும் பவுடர் கோட்டிங் நல்லதுதான், ஆனால் சின்னசேலத்தில் பீரோக்களைச் சுடும் அடுப்பில் எங்கள் சேசிஸ் நுழையாது. டேப் பிடித்து அளந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். கடைசியில் எபாக்சி பிரைமர், அதன்மேல் ஹார்டனர் கலந்த பெயின்ட் என்று முடிவானது. கல் தெறித்தாலும் உரியாது, பெட்ரோல் பட்டாலும் கரையாது. அந்தத் தேர்வில் இன்றைக்கும் யாரும் குறை சொல்ல முடியாது.

அடிப்பதற்கு, உளுந்தூர்பேட்டையில் லாரிக்குக் கூண்டு கட்டும் ஒரு பட்டறை. குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போனேன். பெயின்டர் ஒரு சுற்று சுற்றி வந்தார்.

“இன்னாப்பா இது, லாரி போட்ட குட்டியா?”

“ரேஸ் காருண்ணே.”

“நம்ம ரோட்டுலயா? மொத வேகத்தடையிலயே படுத்துக்கும். சரி, எப்பிடி வேணும் சொல்லு.”

எத்தனை கோட், எவ்வளவு நேரம் காய வேண்டும், எல்லாவற்றையும் கொட்டினேன். பாவம், பொறுமையாகக் கேட்டார். கிளம்பும்போது, “கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கணும்ண்ணே” என்றேன்.

“அத்த எனக்குச் சொல்றியா? மூணு நாள் கழிச்சி வா. அதுலயே மூஞ்ச பாத்துத் தலை வாரிக்கலாம்.”

சொன்னபடியே செய்திருந்தார். கல்லூரியில் இறக்கியதும் எல்லோரும் தடவித் தடவிப் பார்த்தார்கள். மலைத் தோழன் மட்டும் ஒரு மூட்டில் விரலை ஓட்டினான்.

“டேய், என் வெல்டிங் எங்கடா?”

“உள்ள இருக்குது. கோட்டு கனமா அடிச்சிக்கிறாங்க. சும்மா இருடா, நாளைக்கு லோடு ஏத்தணும்.”

சும்மா இருந்தான்.

போட்டி மைதானத்தில், சோதனை செய்ய வந்த பொறியாளர் அதே மூட்டைச் சாவியால் தட்டினார். பிறகு கத்தி முனையால் சுரண்டினார். பெயின்டுக்கு அடியில் வெள்ளையாக, மேடு பள்ளத்தை நிரப்பும் பட்டி உதிர்ந்தது. பட்டிக்கு அடியில் தட்டையான இரும்பு. லாரிக் கூண்டில் வெல்டிங் மேடு தெரிந்தால் பெயின்டருக்குக் கேவலம். கிரைண்டரால் சீவி, பட்டி வைத்துத் தேய்த்து மட்டமாக்கிவிட்டுத்தான் பெயின்டைத் தொடுவார்கள். உளுந்தூர்பேட்டையில் அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பூச்சைப் பற்றி எல்லாம் படித்த நான் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

“வெல்டிங்க சீவிட்டீங்க. இனி இது எவ்ளோ தாங்கும்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இதுல ஒரு பையன உக்கார வெக்க முடியாது” என்றார் அவர். கார் ஒரு அடிகூட ஓடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பேராசிரியர் மலைத் தோழனைப் பார்த்துக் கேட்டார். “வெல்டிங் கோணலா இருந்துதுன்னுதானே பட்டி வெச்சி மறைச்சீங்க?”

“இல்ல சார். என் வெல்டிங் நல்லாத்தான் சார் இருந்துச்சி.”

“அப்ப சீவச் சொன்னது யாரு?”

மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், கண்ணாடி மாதிரி வேண்டும் என்றவன் நான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பேராசிரியரின் அறிக்கையில் ‘தரமற்ற வெல்டிங்’ என்று பதிவானது. கடிதமும் இல்லை என்றாகிவிட்டது.

மறுநாள் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் அவன் என்னைக் கேட்டான். “நீ இன்னா சொன்ன அந்த பெயின்டர் அண்ணங்கிட்ட?”

“பெயின்ட் அடிக்கச் சொன்னேன்.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்லடா.”

அவன் ஊருக்குப் போகும் வெள்ளிமலை பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டான். அதன் பிறகு வகுப்பில் என் பெஞ்சில் அவன் உட்காரவில்லை.

ஒரு மாதம் தாங்க முடியாமல் தவித்துவிட்டுப் பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அறிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது, இனி மாற்றினால் துறைக்குத்தான் அசிங்கம் என்றார். பிறகு என் தோளில் தட்டி, “தானா வந்து ஒத்துக்கினே பாரு, அந்த குணம் போதும்பா” என்றார். ஓசூரில் மலைத் தோழனுக்குச் சொல்லி வைத்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். பெயின்ட் பிரிவுக்கும் ஆள் தேடுகிறார்களாம்.

“உன் பேர எழுதட்டா?”

“எழுதுங்க சார்” என்றேன். யோசிக்கக்கூட இல்லை.