இரண்டு லீவ்

இரண்டாயிரத்து நான்கில், ஜெர்மனியில் ஆஹென் நகரத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, ஊருக்குப் புறப்பட்ட அன்று பஸ்ஸில் அவர் என் எதிரே உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். நல்ல வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்ட சாம்பல் நிறக் கோட்டு. ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் ஜன்னல் வழியே உதடசையப் படித்துக்கொண்டே வந்தார்.

என் பெட்டியைப் பார்த்து, "தம்பி லீவிலை போறியளோ?" என்றார்.

"ஆமாண்ணே, ஒரு மாசம்."

உடனே கோட்டுப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். லண்டனில் இருக்கும் தங்கை எழுதியது.

"தனக்கு 'லீவ் டு ரிமெய்ன்' கிடைச்சிட்டுது எண்டு எழுதியிருக்கிறாள். அகராதியிலை பாத்தன். லீவ் எண்டால் விட்டுப் போ, ரிமெய்ன் எண்டால் இரு. அவளைப் போகச் சொல்லுறாங்களோ, இருக்கச் சொல்லுறாங்களோ?"

"அந்த லீவ் வேறண்ணே. அனுமதின்னு அர்த்தம். அவங்க அங்கேயே இருக்கலாம்."

அவர் முகம் மலர்ந்தது. கடிதத்தைப் பத்திரமாக மடித்தார்.

"நல்லது. ஆறு வருசமாய் என்ர அகதி அன்ட்ராக்குக்கு, அதுதான் விண்ணப்பத்துக்கு, முடிவில்லை. இருக்கலாம் எண்டும் சொல்லேல்லை, இந்த மாவட்டத்தை விட்டுப் போகவும் ஏலாது. எனக்கு ரெண்டு லீவும் இல்லை, தம்பி."

சொல்லிக்கொண்டே மணியை அழுத்தினார். "மாவட்டம் இதோட முடியுது. இதுதான் கடைசி நிறுத்தம்."

"பஸ் இன்னும் போகுமேண்ணே?"

"ஓம், பஸ் போகும்."

இறங்கியவர் சாலையைக் கடந்து, வந்த வழியே திரும்பும் பஸ்ஸுக்காக நின்று, எனக்குக் கையசைத்தார். எதற்காக அவ்வளவு தூரம் வந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.