ஒரே உறைக்குள் படமும் காகிதமும்

நோயாளியின் காகிதங்களும் அவருடைய எக்ஸ்ரே படமும் ஒரே உறைக்குள் கிடந்தால் எதுவுமே தொலையாது என்று நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் எங்கள் தலைமை எழுத்தரான பெரிய கிராணியையும் நம்ப வைத்தேன்.

ஊரெல்லாம் மெர்டேக்கா, சுதந்திரம் என்றே பேச்சாக இருந்த காலம். மலாக்காவில் ஒரு மருத்துவமனையின் கோப்பறையில் நான் சின்னக் கிராணி. அதுவரை காகிதம் எங்களிடம் இருந்தது. படங்கள் எதிர்ப்புறத்துத் தனி அறையில், தட்டுகளை நிறுத்தி அடுக்கியதுபோல நின்றன. கோப்பில் படத்தின் எண் மட்டும் இருக்கும். எண்ணைப் பார்த்து நடந்துபோய் எடுத்துவர எனக்குச் சோம்பல். அந்தச் சோம்பலுக்கு ஒழுங்கு என்று பெயர் வைத்தேன்.

பட அறையைப் பார்த்துக்கொண்ட அண்ணன் சிரித்தார். "மெத்தையத் தலகாணி உறைக்குள்ள திணிக்கிற, தம்பி. அல்மாரி தாங்குமா லா?"

"தாங்கும்ண்ணே, பாருங்க!"

படத்தின் அளவுக்குப் பெரிய உறைகள் வந்தன. அல்மாரிக் கதவை முழங்காலால் நெட்டித்தான் பூட்டினேன். மழை பிடித்துக்கொண்டது. உள்ளிருந்து ஈரத்துணி வாடை வந்தது. மூக்கை மூடிக்கொண்டேன், கதவைத் திறக்கவில்லை.

அப்போதுதான் காஜா பெராங்கில் எங்கள் வீட்டில் என் மனைவி இருமத் தொடங்கினாள். கையில் பால்குடிக் குழந்தை. புதிய படத்தில் இடது நுரையீரலின் மேல் ஒரு நிழல். முன்பு இங்கேயே அவளுக்கு எடுத்த பழைய படத்திலும் அது இருந்தால் ஆறிய தழும்பு, இல்லையென்றால் காசநோய் வார்டு, குழந்தையை உடன் வைத்துக்கொள்ள முடியாது என்றார் டாக்டர்.

அல்மாரிக்கு ஓடினேன். வழியிலேயே மூன்று சாமிகளுக்கு வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமிக்கு எது என்பது வாசல் வருவதற்குள் மறந்துபோயிற்று. பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் மனைவி கேட்டாள்: "என்னங்க, இருமல் எனக்குத்தானே? நீங்க ஏன் வெளுத்துப் போறீங்க?"

உறை இருந்தது. படமும் இருந்தது, காகிதங்களோடு ஒட்டிப்போய். சத்தம் கேட்டு வந்த அண்ணன் கத்தினார்: "இழுக்காத! தண்ணியில ஊறப்போடணும்டா!"

அதற்குள் இழுத்துவிட்டேன். காகிதத்தோடு உரிந்து வந்தது படத்தின் பூச்சு, நிழலைத் தேட வேண்டிய அதே இடது பக்கம்.

டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அன்று மாலையே அவளை வார்டில் சேர்த்தார்கள். குழந்தை புக்கிட் காதிலில் அவள் அக்கா வீட்டில் புட்டிப்பால் குடித்தது. பிறகு மாதாமாதம் எடுத்த படங்களில் அந்த நிழல் கொஞ்சமும் மாறவில்லை. அது பழைய தழும்புதான். வீட்டுக்கு வந்தவளிடம் குழந்தை போக மறுத்தது.