திருப்பி அனுப்ப முடியாத நாய்

கதை கட்டுறதுக்கு எனக்கு நேரமும் இல்ல, தெம்பும் இல்ல. இத முதல்லயே சொல்லிடறேன். நம்பறவங்க நம்புங்க. நம்பாதவங்க ஒரு ராத்திரி என் வீட்டுப் பின் ரூம்ல வந்து படுத்துப் பாருங்க. விளக்கை நான் அணைக்க மாட்டேன், போதுமா?

என் பேரு ஆர்லீன். சுப்பீரியர் ஏரிக்குத் தெக்குப் பக்கம், காட்டு ரோட்டோரம் தனி வீடு. குளிர்காலம் முழுக்க பனி தள்ளுற லாரி ஓட்டறேன். மிச்ச நேரத்துல யாருக்கும் வேண்டாத நாய்களை வீட்டுல வச்சு, பயம் தெளிய வச்சு, நல்ல இடமாப் பார்த்து அனுப்பறேன். எத்தனை நாய்னு கணக்கு விட்டுப்போச்சு. கடிச்சது, கத்தினது, சோபாவைத் தின்னது, என் மடியிலயே செத்துப்போனது... எல்லாம் பார்த்தாச்சு.

போன மாசம், ஜனவரியில, பெர்னி போன் பண்ணினா. நாய்களுக்கு வீடு தேடற வேலையெல்லாம் அவதான் பார்க்கறா.

"ஆர்லீன், ஒரே ஒரு நாய்டி."

"போன தடவையும் இதையேதான் சொன்னே."

"பேரு ஓடிஸ். மூணு வீட்டுல திருப்பி அனுப்பிட்டாங்க. நீயும் வேணாம்னா ஊசி போட்டுக் கொன்னுடுவாங்க."

"எனக்கு முடியலடி. உடம்பு தேஞ்சு போச்சு."

"தெரியும். அதான் உன்னைக் கேக்கறேன். உன்ன விட்டா பொறுமைக்கு யாரு இருக்கா?"

ஐஸ் வச்சே ஆளைக் கவுத்துடுவா. இதுதான் கடைசி, இதுக்கப்புறம் என் வாசப்படி ஏறாதேன்னு சொல்லி ஒத்துக்கிட்டேன்.

தெக்க இருந்து நாயை ஒரே ஆள் கொண்டுவர மாட்டாங்க. ஒருத்தர் கொஞ்ச தூரம் ஓட்டுவார், அடுத்தவர் கையில மாத்தி விடுவார். கூண்டும் போர்வையும் என்னோடது, முன்னாடியே அனுப்பியிருந்தேன். கடைசியா கொண்டுவர வேண்டியவர் வெண்டல், ரிட்டயரான தபால்காரர். நான் வேலையில இருப்பேன், சாவி வாளிக்கு அடியில, கூண்டைப் பின் ரூம்ல வச்சு போர்வையை மூடிட்டுப் போயிடுங்கன்னு சொல்லியிருந்தேன்.

அன்னைக்கு ராத்திரிதான் அந்தப் பனிப்புயல் ஆரம்பிச்சது.

விடிய விடிய ஓட்டினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளையைத் தவிர ஒண்ணும் இல்ல. லாரி முன்னால பனியைத் தள்ளுற பிளேடுல எதெதுவோ வந்து இடிக்கும். ஒடிஞ்ச கிளை, ஐஸ் கட்டி, யார் வீட்டுத் தபால் பெட்டியோ. நின்னு பார்க்க முடியாது, நின்னா பின்னால வர்றவன் மேல ஏத்திடுவான். லாரிக்குப் பின்னால இருந்து, ரோட்டு ஐஸ் உருகறதுக்காக, உப்புத் தண்ணி கொட்டிட்டே போகும். அதுல பீட்ரூட் சாறு கலந்திருப்பாங்க, ரோட்டுல ஒட்டணும்னு. வெல்லப்பாகு மாதிரி ஒரு வாசனை. அந்த வாசனை என் துணியில, தலைமயிர்ல, தலையணையில கூட இருக்கும்.

காலையில ஏழு நாப்பதுக்கு வீடு வந்து சேர்ந்தேன். கரண்ட் இல்ல. போன்ல சிக்னல் இல்ல. பின் ரூம்ல கூண்டு இருந்துச்சு, மேல என் பச்சைப் போர்வை.

இந்த மாதிரி நாய்க்கு ஒரு வழிமுறை இருக்கு. முதல் மூணு நாள் அதைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, தொடக் கூடாது. குனிஞ்சு எட்டிப் பார்த்துக் கொஞ்சறவங்கதான் கடி வாங்குவாங்க. நேருக்கு நேர் பார்த்தா அதுக்கு அது மிரட்டல். நீ பாட்டுக்கு இருக்கணும். அது பாட்டுக்கு வரும்.

அதனால மூஞ்சியைச் சுவர் பக்கம் திருப்பிக்கிட்டு, போர்வைக்கு அடியில கையை விட்டுக் கொக்கியைத் தள்ளினேன். மணிக்கட்டுல ஜில்லுனு ஏதோ பட்டுச்சு. மூக்கு. மோந்து பார்க்கறான், பார்க்கட்டும்.

பேசக் கூடாதுன்னு தெரியும். இருந்தாலும் மனசு கேக்கல.

"இந்த வீட்டுல இருந்து உன்னை யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்கடா" அப்படின்னு சுவரைப் பார்த்துச் சொன்னேன். சொல்லிட்டுப் போய் பூட்ஸோட படுத்துத் தூங்கிட்டேன்.

எழுந்தப்ப கூண்டு காலி. அவன் வாஷிங் மெஷினுக்குப் பின்னால ஒடுங்கியிருந்தான். ஓரக்கண்ணுல தெரிஞ்சது, பழுப்பு முதுகு, பாதி கிழிஞ்ச ஒரு காது. பெர்னி சொன்ன அதே அடையாளம். வச்ச சாப்பாடு அப்படியே இருந்துச்சு. ஒண்ணுக்கும் போகல. பயந்த நாய் ரெண்டு நாள் கூட அடக்கும், சாப்பிடாது, சத்தமே போடாது. இதெல்லாம் சகஜம்.

சகஜமா இல்லாதது ஹேசல்தான். ஹேசல் என் சொந்த நாய், பதிமூணு வயசுக் கிழவி. புது நாய் வந்தா வீட்டை ரெண்டாக்கிடுவா. இந்தத் தடவை பின் ரூம் வாசல்ல நின்னா. உதட்டை நக்கினா. கொட்டாவி விட்டா. தலையை மெல்ல அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா. நாய் பாஷையில அதுக்கு ஒரே அர்த்தம்தான். எனக்கும் உனக்கும் வம்பு வேணாம், நான் போயிடறேன்.

போயிட்டா. அதுக்கப்புறம் அந்த வாசல் பக்கமே வரல.

வயசாச்சு, அவளுக்கும் அலுத்துப்போச்சுன்னு நினைச்சேன். எனக்கு அலுக்கலையா என்ன?

மறுநாள் காலையில வேலை முடிஞ்சு வந்தேன். சிக்னல் அப்பவும் இல்ல. தண்ணிக் கிண்ணத்துல மெல்லிசா ஐஸ் படிஞ்சிருந்துச்சு. அதுல ஒரு நாக்கு பட்ட தடம் கூட இல்ல. மான் கறி சாசேஜைத் துண்டு துண்டாக் கிள்ளி, அவனைப் பார்க்காம அவனுக்குப் பின்னால தூக்கிப் போட்டேன். ஆள்கிட்ட வராமலே சாப்பிடலாம்னு நாய்க்குப் புரிய வைக்கிற வழி அது. மோப்பம் பிடிக்கிற சத்தம் கேட்டுச்சு. ஃபுஸ்... ஃபுஸ்... ஆனா சாயந்தரம் பார்த்தா எல்லாத் துண்டும் போட்ட இடத்துலயே கிடந்துச்சு.

தரையில ஈரம் வேற. என் பூட்ஸ்ல இருந்து சொட்டின பனின்னு துடைச்சேன். துடைச்ச இடத்துலயே திரும்பவும் ஈரம்.

அன்னைக்கு லீவு குடுத்தாங்க. ராத்திரி ஒண்ணே காலுக்கு முழிப்பு வந்துச்சு. ஹால்ல நகச் சத்தம். டிக்... டிக்... டிக்... அப்புறம் ஒரு இழுப்பு. ஸ்ர்ர்ர். திரும்ப டிக்... டிக்... டிக்... ஸ்ர்ர்ர்.

ஒரு காலை இழுக்கறான். பெர்னி அப்படி ஒண்ணும் சொல்லலையே. வர்ற வழியில எங்கயோ இடிச்சுக்கிட்டான் போல, கரண்ட் வந்ததும் டாக்டர்கிட்ட காட்டணும்னு நினைச்சுக்கிட்டுப் புரண்டு படுத்தேன். ஹேசல் என் கட்டிலுக்கு அடியில நடுங்கிக்கிட்டு இருந்தா. கட்டில் காலே ஆடுச்சு.

மூணாவது நாள் சாயந்தரம் அஞ்சரை மணி. நல்லா இருட்டிடுச்சு. விறகு அடுப்பு முன்னால தரையில காலைப் பக்கவாட்டுல மடக்கி உக்காந்தேன், ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி வச்சுக்கிட்டு. முதுகு பின் ரூம் பக்கம். வேணும்னேதான். முதுகு காட்டற ஆளைப் பார்த்தா நாய்க்குப் பயம் குறையும்.

அடுப்பை விட்டுக் கொஞ்சம் தள்ளினாலே வீடு ஐஸ் பெட்டி. என் மூச்சு புகையா வந்துச்சு. என்கூட ஒட்டிப் படுத்திருந்த ஹேசல் மூச்சும் புகையா வந்துச்சு.

டிக்.

வர்றான். நான் அசையல.

டிக்... டிக்... ஸ்ர்ர்ர்.

ஹேசல் எழுந்து நின்னா. வால் வயித்துக்குள்ள போயிடுச்சு. கண்ணுல வெள்ளை முழி தெரிஞ்சது. அவ இருந்தபடியே ஒண்ணுக்குப் போனா. பதிமூணு வருஷத்துல வீட்டுக்குள்ள ஒரு தடவை கூடப் போனதில்ல.

"ஒண்ணுமில்லடி... ஒண்ணுமில்ல..."

டிக்.

எனக்குப் பின்னால நின்னுட்டான். பக்கத்துல. ரொம்பப் பக்கத்துல.

திரும்பல. ஓரக்கண்ணுல அந்தக் கிழிஞ்ச காது. அந்தப் பழுப்பு மூக்கு.

மூக்குல இருந்து புகை வரல.

அப்புறம் கனமா ஒண்ணு என் கால் மேல இறங்குச்சு. தாடை. தாடையை என் பாதத்து மேல வச்சு, ஒரு பெருமூச்சு விட்டான்.

அழுதுட்டேங்க. பயத்துல இல்ல. மூணு வீட்டுல துரத்தின நாய், மூணே நாள்ல ஒரு மனுஷி கால்ல தலை வைக்குதே... இதுக்காகத்தானே இவ்வளவு வருஷமா நாயாப் பாடுபடறேன்! வந்த களைப்பெல்லாம் அந்த ஒரு பெருமூச்சுல போயிடுச்சு.

கையைத் தாழ்த்தி, தாடைக்கு அடியில மூணு விநாடி தடவினேன். நிறுத்தினேன். பிடிக்கலைன்னா நாய் விலகும். பிடிச்சிருந்தா கையை முட்டும்.

முட்டினான்.

இன்னும் தடவினேன். மயிர் நனைஞ்சிருந்துச்சு.

மூணு நாளா வீட்டுக்குள்ள இருக்கற நாய்.

சொட்டச் சொட்ட ஈரம்... நறநறன்னு மண்ணு...

தாடை எலும்பு... என் விரலுக்குள்ள நகர்ந்துச்சு.

ஆறு பன்னெண்டு. பட்டுனு கரண்ட் வந்துச்சு.

வீடு பூரா வெளிச்சம்.

கால் மேல யாரும் இல்ல.

சாக்ஸ் நனைஞ்சிருந்துச்சு. கையை வெளிச்சத்துல பார்த்தேன். பழுப்பா, பிசுபிசுன்னு... மோந்து பார்த்தேன். வெல்லப்பாகு வாசனை.

மேஜை மேல போன் அடிச்சுது. சிக்னல் வந்துடுச்சு. பெர்னி.

"ஆர்லீன்! மூணு நாளா முயற்சி பண்றேன்டி. மன்னிச்சுடு. ஓடிஸ் விஷயம்..."

"அவனுக்கென்ன? இங்கதான் இருக்கான். இப்பதான் என் கால்ல தலை வச்சான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுச்சு.

"பெர்னி?"

"உக்காரு" அப்படின்னா. "உக்காந்துட்டியா?"

வெண்டல் அன்னைக்கு விடிகாலை நாலு மணிக்கு, ரோடு பிரியற இடத்துல இருக்கற பெட்ரோல் பங்க்ல நாயை ஒண்ணுக்கு விட இறக்கியிருக்கார். காத்துல எங்கயோ தகரம் அடிச்சுக்கிட்டுச்சாம். ஓடிஸ் மிரண்டு கழுத்துப் பட்டையை உருவிக்கிட்டு ரோட்டுக்கு ஓடிட்டான். அங்கயே முடிஞ்சுபோச்சு. நாயைத் துணியில சுத்தி வண்டியில வச்சுக்கிட்டு, கூண்டு என்னோடதாச்சேன்னு அதை மட்டும் கொண்டுவந்து என் வீட்டுல வச்சு, சொன்ன மாதிரியே போர்வையை மூடிட்டுப் போயிருக்கார். விஷயத்தை எழுதி வைக்க அவருக்கு மனசு வரல, நேர்ல சொல்லலாம்னு நினைச்சிருக்கார். அதுக்குள்ள ரோட்டை மூடிட்டாங்க. தரை உறைஞ்சு கெடக்கறதால புதைக்கவும் முடியல. அவர் ஷெட்டுலதான் வச்சிருக்கார்.

"காலியான கூண்டுடி அது" அப்படின்னு பெர்னி அழுதா. "காலிக் கூண்டு."

"எது அடிச்சுது?"

"விடு ஆர்லீன்."

"எதுடி அடிச்சுது?"

"பனி தள்ளுற லாரி. மஞ்ச விளக்கு மட்டும்தான் அவருக்குத் தெரிஞ்சுது. நிக்கல. அந்தப் புயல்ல யாராலயும் நிறுத்த முடியாதுன்னு அவரே சொன்னார்."

அந்த ரோட்டுல அன்னைக்கு மூணு லாரி ஓடுச்சு. அதுல ஒண்ணு என்னோடது. வண்டி நம்பரை வெண்டல் பார்க்கல. நானும் அதுக்கப்புறம் அவரை எதுவும் கேக்கல. கேட்டு என்ன செய்யப் போறேன்?

வீட்டைப் பூட்டிட்டு வந்துடு, எங்கூட இருன்னு பெர்னி கெஞ்சினா. பாதிரியாரைக் கூட்டிட்டு வரட்டுமான்னா. எதுக்கு? துரத்தவா? மூணு வீட்டுல துரத்தினது பத்தாதா? திருப்பி அனுப்ப மாட்டேன்னு நான் வாய் விட்டுச் சொல்லியிருக்கேன். அதைக் கேட்டுட்டுத்தான் அவன் கூண்டை விட்டு வெளிய வந்தான்.

ஒண்ணு மட்டும் சொல்றேன். கோவம் இருந்தா நாய் உடம்பு அதை மறைக்காது. முதுகு விறைக்கும், மூச்சு நிக்கும், உதட்டோரம் இறுகும். அதையெல்லாம் படிக்கத்தான் இத்தனை வருஷமாக் கத்துக்கிட்டேன். அன்னைக்கு என் கால்ல படுத்தவன் உடம்புல கோவம் இல்ல. அதை நினைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது.

மூணு நாள்ல பயம் தெளியும், மூணு வாரத்துல வீட்டு வழக்கம் பிடிபடும்னு நாங்க எல்லார்கிட்டயும் சொல்லுவோம். எங்க வேலையில பாலபாடம் அது. நேத்தோட மூணு வாரம்.

நேத்துக் காலையில வேலை முடிஞ்சு வந்தேன். கண்ணு சொக்கிக்கிட்டு இருந்துச்சு. ஏழு நாப்பது. சாவியைப் போட்டுத் திருப்பினேன். பின் ரூம்ல, வாஷிங் மெஷின் தகரத்துல, நான் வந்துட்டேன்னு தெரிஞ்சு வால் அடிக்கிற சத்தம்.

தொப்... தொப்... தொப்...

ஹேசலை பெர்னி வீட்டுல விட்டு ரெண்டு வாரம் ஆச்சு.