அண்ணனுக்கு நான் வாசிக்காத பக்கங்கள்

அண்ணனின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்று மருத்துவர் சொன்ன வாரத்தில், என் மேசையில் ஒரு ஜப்பானிய நடிகனின் வாழ்க்கை வரலாறு பாதி மொழிபெயர்த்தபடி கிடந்தது. நானும் கணவருமாக எட்டு வருடம் ஜப்பானில் இருந்தோம். அவருக்குக் கப்பல் கட்டும் தளத்தில் வேலை. திரும்பி வந்தபின் நாகர்கோவிலில், முதியவர்களைப் பராமரிக்கும் வேலைக்காக அங்கே போகிற நர்சிங் பெண்களுக்கு அந்த மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். கேள்விப்பட்ட சென்னைப் பதிப்பாளர் ஒருவர் இந்தச் சிறிய புத்தகத்தை என்னிடம் தந்திருந்தார்.

கபுகி என்பது அவர்களுடைய பழைய மேடை நாடகம். பெண் வேடத்தையும் ஆண்களே போடுவார்கள். தகப்பனுக்குரிய மேடைப்பெயர் மகனுக்கு வரும்; மூன்றாமவர், நான்காமவர் என்று அரசர்களைப் போல எண்ணிக்கொள்வார்கள். என் புத்தகத்து நடிகனும் அப்படியொரு குடும்பத்தில் பிறந்தவன். பதினாறு வயதிலேயே பெரிய நாயகி வேடங்கள். அவன் கட்டுகிற கொண்டையைப் பார்த்து ஊர்ப்பெண்கள் கொண்டை கட்டினார்களாம். இருபது வயது கடந்த கொஞ்ச நாளில் அவன் கால் அழுக ஆரம்பித்தது.

இதை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும்போதா இப்படி நடக்க வேண்டும் என்று நான் அலைபாய்ந்தேன். உட்கார்ந்தால் எழுதத் தோன்றவில்லை. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. காலையில் வகுப்பு, பிறகு மார்த்தாண்டம் பஸ், அங்கிருந்து அருமனை பஸ். அண்ணன் வீட்டில் பத்து நிமிடம் இருந்தால், அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று மனது ஓடும்.

ஓரிடத்தில் நிற்காததில் அண்ணன் எனக்கும் மேல். ரப்பர் ஷீட் வியாபாரி. போனில் பேசுகிறபோது முற்றத்தின் நாலு மூலைக்கும் நடந்துகொண்டே பேசுவான். சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் இருபது வருடமாக அவன்தான் ராஜா. குழந்தைகளைக் கொல்ல உத்தரவிடுகிற கொடுங்கோல் ராஜா. அவன் மேடையில் நடக்கிற நடைக்குப் பலகை அதிரும். சர்க்கரை நோய் இருந்தும், செருப்பு வார் கடித்த புண்ணை மூன்று மாதம் யாருக்கும் காட்டாமல் சாக்ஸ் போட்டு மறைத்தான். நாற்றம் வந்த பிறகுதான் அவன் மனைவிக்கு, என் மைனிக்கு, தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் கேட்ட கையெழுத்தை அவன் போடவில்லை. "இது எனக்க காலு. கர்த்தரு கொண்டுபோகணும்னா என்னைய முழுசா கொண்டுபோட்டும்," என்றான். மைனி அழுதாள், போதகர் ஜெபித்தார், அவன் மகள் துபாயிலிருந்து போனில் கத்தினாள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். நான் வேறு செய்ய ஒன்றும் தோன்றாமல், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன்.

"என்னத்தட்டி எழுதிட்டு இருக்க?" என்றான்.

"ஒரு நாடகக்காரனுக்க கதை."

"வாசி, கேப்போம்."

வாசித்தேன். துறைமுக ஊரில் வெளிநாட்டு மருத்துவர் ஒருவர் அந்த நடிகனின் காலை எடுத்த இடம் வந்ததும் நிறுத்தப் பார்த்தேன். அண்ணன் திரும்பிப் படுத்தான். "வாசிட்டி."

நடிகன் மறுபடி மேடைக்கு வந்தான். கடல் கடந்த நாட்டிலிருந்து மரக்கால் வரவழைத்தான். உட்கார்ந்தே நடிக்கிற மாதிரி அவனுக்காகக் காட்சிகளை மாற்றி எழுதினார்கள். இடம் மாற வேண்டியபோது மேடையையே அதற்கு ஏற்றபடி அமைத்தார்கள். கூட்டம் வந்தது. அங்கே நோட்டை மூடினேன்.

அண்ணன் எழுந்து உட்கார்ந்தான். பிறகு, "பொம்பள வேஷம்னா சேலை மாதிரி நீளமா உடுத்துவான். காலு தெரியாது. ராஜாவுக்கு அப்பிடியா?" என்றான். அன்று மாலை கையெழுத்துப் போட்டான்.

எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். நான் நோட்டைப் பைக்குள் ஒளித்துவைத்தேன். ஏனென்றால் புத்தகம் அங்கே முடியவில்லை. நோய் நிற்காமல் அந்த நடிகனின் அடுத்த காலுக்குப் போனது, பிறகு கைகளுக்கு. கடைசியில் புத்தி கலங்கி, முப்பத்து மூன்று, முப்பத்து நாலு வயதிலேயே செத்துப்போனான். இதையெல்லாம் படித்து வைத்துக்கொண்டுதான் நல்ல இடத்தில் மூடினேன். அறுவை முடிந்து அண்ணன் கண்விழித்த நாளிலிருந்து, அவன் எப்போது கேட்பான் என்ற பயம் என்னை ஓரிடத்தில் இருக்கவிடவில்லை.

வீடு திரும்பிய இரண்டாவது வாரம் கேட்டான். என் பையிலிருந்து புத்தகத்தை அவனே எடுத்து, அடையாளத் தாள் வைத்திருந்த இடத்தைத் திறந்தான். ஜப்பானிய எழுத்து அவனுக்குத் தெரியாது, தடிமன் தெரியும்.

"இன்னும் இத்தன பக்கம் கெடக்கே. பெறவு என்ன ஆச்சு?"

"பெறவும் நடிச்சான்."

"உள்ளத பறயுட்டி."

சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவன் முகம் சிவந்தது.

"அவன் செத்தா செத்தான். நானும் ஒருநாள் சாவேன். ஒனக்கு நான் என்ன கொச்சுப்பிள்ளையா? நல்ல பக்கத்த காட்டி மருந்து குடிக்க வைக்கதுக்கு?"

வாரக்கணக்கில் அவன் என்னோடு பேசவில்லை. போனை மைனிதான் எடுத்தாள். நான் கடைசி அத்தியாயத்தை ஐந்து முறை தொடங்கி ஐந்து முறையும் கிழித்தேன். எனக்குத் தெரியாமலே ஒவ்வொரு வாக்கியத்தையும் கொஞ்சம் மென்மையாக்கிக்கொண்டிருந்தேன். அதைக் கண்டபோது அவன் கோபத்தின் நியாயம் புரிந்தது.

நவம்பரில் நாடகக் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் அவனைப் பார்க்க வந்தபோது நானும் அங்கே இருந்தேன். நல்ல மனதோடுதான் வந்தார்கள். இந்த வருடம் புது நாடகமாம். வேதாகமத்தில் கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்கப்பட்டு, குணமாகி நடந்து போகிற, கை கால் விளங்காத திமிர்வாதக்காரன் வேடம் அண்ணனுக்கு.

"படுத்து கெடந்தா போதும் அண்ணாச்சி. கடைசில எந்திரிச்சு நடக்கது வேற ஆளு."

 அண்ணன் சிரித்தான், மாதக்கணக்குக்குப் பிறகு கேட்கிற சிரிப்பு. "ஏலே, ராஜா எங்கலே இருப்பான்?"

"சிம்மாசனத்துல."

"பெறவு எதுக்குலே அவனுக்கு காலு? பழைய நாடகத்தையே போடுவோம்."

அவர்கள் போனதும், என்னைப் பார்க்காமலே, "அந்த ஜப்பான்காரன் இடம் மாறும்போ எப்பிடி செஞ்சான்னு அதுல வெவரமா உண்டா?" என்று கேட்டான். அதுதான் அவன் என்னோடு மறுபடி பேசிய முதல் வார்த்தை.

சிம்மாசனத்துக்குச் சக்கரம் வைத்தார்கள். சேவகர் வேடக்காரர்கள் தள்ளினார்கள். நாடகத்தன்று நான் முன்வரிசையில் உட்கார முடியாமல் வேதப்பாட அறை வாசலில் நின்றேன். குரல் அப்படியே இருந்தது. சின்னப்பிள்ளைகள் அம்மாக்களின் மடிக்குப் போனார்கள். உத்தரவு போடுகிற கட்டத்தில், ஒத்திகையில் இல்லாத ஒன்றைச் செய்தான். வாளை ஊன்றி, அந்த மாதம்தான் பொருத்திய செயற்கைக் காலில் எழுந்தான். தள்ளாடினான். சேவகன் ஒருவன் பதறிக் கை நீட்ட, ராஜா அவனை முறைத்தான். வசனத்தில் பாதி நின்று சொன்னான், மீதிக்கு உட்கார்ந்துவிட்டான். கூட்டம் எழுந்து கைதட்டியது. மைனி முகத்தை மூடிக்கொண்டாள்.

வேடம் கலைக்கும்போது போனேன். சந்தோஷமாக இருப்பான் என்று நினைத்தேன்.

"ராஜாவுக்கா கைதட்டினானுவ, காலுக்கா?" என்றான்.

எனக்குத் தெரியவில்லை. அதையே சொன்னேன். அவன் தலையை ஆட்டினான், தாடியைப் பிய்த்து வைத்தான்.

புத்தகத்தை முழுதாக முடித்து அனுப்பிவிட்டேன். ஞாயிறுதோறும் அருமனைக்குப் போகிறேன். ஆராதனை முடிந்ததும் அவன் இடது பாதத்தைத் தூக்கி மடியில் வைத்து, விரல்களைப் பிரித்துப் பார்ப்பேன். அவனுக்கு அது பிடிக்காது. ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "இன்னும் எவ்வளவு நேரம்ட்டி?" என்பான். போன வாரம் குதிகாலில் ஒரு வெடிப்பு இருந்தது. சின்னதுதான். புதன்கிழமையே மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.